அந்தப் படத்தில் இருப்பது கீரை: எங்கள் பகுதித் தமிழ்க் கவுன்சிலர்களுக்கு ஒரு திறந்த மடல்

கவுன்சிலர்கள் மூவருக்கும்,

போன மாதம் நடந்த குழுக் கூட்டத்தில் நீங்கள் மூன்று பேரும் இருந்தீர்கள். எங்கள் அலொட்மெண்டின் (பயிர் செய்யத் துண்டு துண்டாகக் கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கும் நிலத்தின்) பின்பக்கத்தில் உள்ள 26 துண்டுகளில் 17 துண்டுகள் பயிரிடப்படாமல் களை மண்டிக் கிடக்கின்றன, ஆகவே அந்தப் பகுதி கவுன்சிலின் தேவைக்கு மிஞ்சிய நிலம், அதை வீடு கட்ட விற்றுவிடலாம் என்று அதிகாரிகளின் அறிக்கை சொன்னது. சாட்சியாக ஆறு படங்களைத் திரையில் காட்டினார்கள். நான் பார்வையாளர் பக்கத்தில் கடைசிக் கதிரையில் இருந்தேன். நாலாவது படம் வந்தபோது என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். என்னைப் பேச விடவில்லை. அது கூட்டத்தின் விதி, அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பேசும் உரிமை உங்களுக்கு இருந்தது.

அந்தப் படத்தில் இருந்தது கீரை. முழங்காலளவு வளர்ந்து, ஒருமுறை நுனி கிள்ளப்பட்டு, பக்கக் கிளை விட்டு நிற்கிற கீரை. லண்டனில் பிறந்த என் மகளுக்கே அதைப் பார்த்ததும் தெரிகிறது. ஊரில் பிறந்து, ஊர்ச் சோறு தின்று வளர்ந்த உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. படத்தின் கீழே "களைகள்" என்று ஒரு சொல் போட்டிருந்தார்கள். வாக்கெடுப்பு வந்தது. உங்கள் மூன்று கைகளும் உயர்ந்தன.

அதனால்தான் இந்த மடலைத் தமிழில், எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். கவுன்சிலுக்கு ஆங்கிலத்தில் எழுதிய ஆட்சேபனை தனியாகப் போய்விட்டது. அதில் நாற்பத்தொரு பேரின் கையெழுத்து இருக்கிறது. இது உங்களிடம் மட்டும் கேட்க வேண்டியது.

அந்தத் துண்டு யாருடையது என்று முதலில் சொல்கிறேன். தன் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாங்கள் எல்லோரும் அன்ரி என்றுதான் கூப்பிடுகிறோம். ஜமைக்காவில் செயின்ட் எலிசபெத் பகுதியைச் சேர்ந்தவர். அந்தத் தீவுக்கே சோறு போடுகிற இடம் என்று பெயர் வாங்கிய பகுதி அது. 1960களில் இளம்பெண்ணாக இங்கே வந்து, முப்பது வருடத்துக்கு மேல் மருத்துவமனை வார்டுகளில் தாதியாக இரவும் பகலும் நின்றவர். அந்தத் துண்டை 1981 முதல் வைத்திருக்கிறார். வாடகை ஒரு வருடமும் தவறியதில்லை.

எனக்கு அங்கே துண்டு கிடைத்தது 2009இல். நானும் என் கணவரும் மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருந்தோம். ஜன்னல் விளிம்பில் கறிவேப்பிலைத் தொட்டி ஒன்றைத் தவிர எங்களுக்கு மண் கிடையாது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்து, முதல் நாள் மண்வெட்டியோடு போய், எதைப் பார்த்தாலும் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் துண்டில் இருந்து ஒரு குரல் "நிறுத்து பிள்ளை" என்றது. அவர் வரம்பைத் தாண்டி வந்து என் கையில் இருந்த செடியை வாங்கி, வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டி, எனக்குக் காட்டினார். "கலலூ" என்றார். நான் அதை மறுபடி பார்த்தேன். "கீரை!" என்று தமிழில் கத்திவிட்டேன். நாம் முளைக்கீரை, தண்டுக்கீரை, குப்பைக்கீரை என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிற அதே இனம்தான் ஜமைக்காவின் கலலூ. (டிரினிடாட்காரர்கள் கலலூ என்றால் சேம்பிலையைச் சொல்வார்கள். இதைப் பற்றி எங்கள் தோட்டத்தில் நடக்கும் வாக்குவாதம் எல்லா வருடமும் உண்டு.) அன்று மாலை நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கட்டு கீரையோடு வீட்டுக்குப் போனோம். அவர் வெங்காயம், தைம், ஸ்கொட்ச் பொனெட் மிளகாய், உப்புக் கருவாடு போட்டு ஆவியில் வதக்கினார். நான் உள்ளி தட்டிப்போட்டுத் தேங்காய்ப்பாலில் கடைந்தேன்.

பதினைந்து வருடமாக அவரிடம் நான் கற்றுக்கொண்டதை எல்லாம் எழுத இடம் போதாது. விதை எடுப்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் அதுதான் முக்கியம். செப்டம்பர் கடைசியில் கதிர் முற்றியதும் வெட்டி, பழைய தலையணை உறைக்குள் தலைகீழாகப் போட்டுக் கொட்டிலில் தொங்கவிடுவார். காய்ந்தபிறகு உறையை இரண்டு கையாலும் கசக்குவார். கடுகை விடச் சிறிய, கறுப்பாக மினுங்குகிற விதை. அதோடு கலந்த சருகைப் பிரிக்க, முன்பெல்லாம் தட்டில் கொட்டி வாயால் ஊதுவார், பாதி விதை காற்றோடு போய்விடும். நான் ஊரில் இருந்து கொண்டுவந்த சுளகை ஒருநாள் எடுத்துப் போனேன். புடைத்துக் காட்டினேன். ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு, தன் பாட்டி இதே மாதிரி ஒன்றை வைத்திருந்ததாகச் சொன்னார். அந்தச் சுளகு இப்போது அவருடைய கொட்டிலில்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கவுன்சில் இந்த ஜூலையில் அவருக்கு ஒரு கடிதம் அனுப்பியது. துண்டில் களை மண்டியிருக்கிறது, 28 நாட்களுக்குள் அகற்றாவிட்டால் துண்டு பறிக்கப்படும். அவர் அந்தக் கடிதத்தை மடித்து பைபிளுக்குள் வைத்திருக்கிறார். 2018இல் வின்ட்ரஷ் விவகாரம் (சட்டப்படி இங்கே வந்து வாழ்ந்த கரீபியர்களைச் சட்டவிரோதமாக இருப்பவர்கள் போல அரசு நடத்திய விவகாரம்) வெளியே வந்தபோது, இங்கேயே வாழ்ந்து, இங்கேயே வரி கட்டிய அவருடைய வயது ஆட்களிடம் ஒவ்வொரு வருடத்துக்கும் காகிதம் கேட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். "இப்போது என் கீரைக்கும் காகிதம் கேட்கிறார்கள்" என்று அன்ரி என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அழவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

தண்ணீர் என்றதும் இதையும் சொல்லவேண்டும். பின்பக்கக் குழாய் உடைந்து இரண்டு கோடை போய்விட்டது. ஏழு முறை எழுதினோம். திருத்தவில்லை. எண்பது வயதை நெருங்குகிறவர் முன்வாசல் குழாயில் இருந்து இரண்டு வாளி, இரண்டு வாளியாகச் சுமக்கிறார். தண்ணீரையும் நிறுத்திவிட்டு, நிலம் சும்மா கிடக்கிறது என்று எழுதுவது நியாயமா?

இனி அந்த 17 என்ற கணக்குக்கு வருகிறேன். நானும் இன்னும் மூன்று பேரும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு துண்டு துண்டாக நடந்து பார்த்தோம். அந்தப் 17இல் ஒன்பது துண்டுகளில் பயிர் நிற்கிறது: கலலூ, சேம்பிலை, சிம்பாப்வேக்காரர் போட்ட வெள்ளைச் சோளம், நைஜீரியத் தம்பதியின் எவெடு கீரை, கானா அம்மாவின் வெள்ளைக் கத்தரி. மூன்று துண்டுகள் பொதுத் தோட்டம். ஒருவர் பெயரில் இல்லாததால் அவற்றைப் "பராமரிப்பாளர் இல்லை" என்று போட்டுவிட்டார்கள். ஒரு துண்டின் சொந்தக்காரர் இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து படுக்கையில் இருக்கிறார். மிச்சம் நான்கு துண்டுகள் உண்மையிலேயே காலி. அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் அவை காலியாக இருப்பதற்குக் காரணம், காத்திருப்போர் பட்டியலை இரண்டு வருடமாகக் கவுன்சில் மூடி வைத்திருப்பதுதான். கேட்டுக்கொண்டு ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள், கொடுக்க ஆள் இல்லை.

அதிகாரிகள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் வந்த மாதங்களைப் பாருங்கள். முதல் தடவை ஏப்ரல். ஆங்கிலேயத் தோட்டக்காரரின் துண்டில் அப்போது வெங்காயமும் அவர்களுடைய அகன்ற அவரையும் தலை காட்டியிருக்கும். எங்கள் பயிர்கள் வெயில் தேசத்துப் பயிர்கள். உறைபனி முழுதாகப் போய், மண் சூடேறி, ஜூன் பிறந்தால்தான் வெளியே இறங்கும். ஸ்கொட்ச் பொனெட் விதையைப் பெப்ரவரியில் ஜன்னலோரம் போட்டு, நாலு மாதம் பிள்ளை மாதிரிப் பார்த்து, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் நட்டால் செப்டம்பரில் பழுக்கும். நாம் சௌசௌ என்பதை அவர்கள் சோச்சோ என்கிறார்கள். அது முழுக் காயாகச் சமையலறை அலமாரியில் முளைத்து, கோடை முழுக்கக் கொடியாக ஓடி, அக்டோபரில்தான் காய்க்கும். ஆக ஏப்ரலில் வந்தவருக்கு வெறும் மண் தெரிந்தது. இரண்டாம் தடவை ஜூன் கடைசியில் வந்தார்கள். போன வருட விதை தானாக விழுந்து முளைத்த கீரை, வரிசையில்லாமல் நிறைந்து நிற்கிற காலம். பாதையில் நின்றபடி இருபது நிமிடத்தில் படம் எடுத்துப் போனார்கள். அவர்கள் படித்த புத்தகத்தில் அந்த இனம் களைப் பட்டியலில் இருக்கிறது. ஒருவரிடமாவது "இது என்ன?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒரு நிலத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்தும் ஒன்றுமில்லை என்று எழுதுவது இந்த மக்களுக்குப் புதிதல்ல. ஜமைக்காவில் அடிமை முறை இருந்த காலத்தில், கரும்புக்கு உதவாத மலைச்சரிவுகளையும் கல்லுக் காணிகளையும் முதலாளிகள் அடிமைகளுக்கு விட்டார்கள். அவர்களுக்குச் சோறு போடும் செலவு மிச்சம் என்பதுதான் கணக்கு. தோட்ட வேலை முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அந்த மக்கள் அங்கே ஏறிப்போய்க் கொத்தினார்கள். ஆபிரிக்காவில் தெரிந்த யாமும் வெண்டியும், அமெரிக்க மண்ணின் மரவள்ளியும் மிளகாயும், துவரையும் வாழையும் எல்லாம் கலந்து ஒரே சரிவில் வளர்த்தார்கள். மிஞ்சியதை ஞாயிறு சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார்கள். தீவின் நகரங்கள் சாப்பிட்ட சாப்பாட்டில் பெரும்பங்கு அந்த "உதவாத" நிலத்தில் இருந்து வந்தது. 1838இல் முழு விடுதலை கிடைத்தபோது, பலர் கரும்புத் தோட்டங்களை விட்டு வெளியேறி, சேர்த்து வைத்த காசையும் தேவாலயங்களின் உதவியையும் கொண்டு காணி வாங்கிச் சுதந்திரக் கிராமங்களைக் கட்டினார்கள். ஸ்லைகோவில் போன்ற ஊர்கள் அப்படி வந்தவை. சுரிநாமில், தோட்டங்களை விட்டுத் தப்பி ஓடிய மரூன் மக்களின் வழிவந்தவர்கள், தங்கள் பாட்டிகள் நெல்மணிகளைத் தலைமுடிப் பின்னலுக்குள் மறைத்துக் கொண்டுவந்ததாக இன்றும் சொல்கிறார்கள். எங்கள் பின்பக்கத்தில் ஒரு தலையணை உறைக்குள் தொங்குகிற விதையை நான் அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

நமக்கும் இதில் உறவு இருக்கிறது. கிறிஸ்மஸ் காலத்தில் அன்ரி வீட்டுச் சோற்றில் போடும் கங்கோ பயறு நம்முடைய துவரை. இந்தியாவில் இருந்து ஆபிரிக்காவுக்குப் போய், அங்கிருந்து அடிமைக் கப்பல்களின் காலத்தில் கரீபியனுக்குப் போனது. நாம் விரும்பிச் சாப்பிடும் வெண்டி ஆபிரிக்காவில் இருந்து வந்தது. அவர்கள் கிறிஸ்மஸுக்கு இஞ்சி போட்டுக் காய்ச்சும் சிவப்புச் சோரல் பானம், நம் புளிச்சக்கீரைச் செடியின் பூவைத் தாங்கும் புல்லியிதழில் செய்வது. கயானாவில் இருந்து வந்த ஒருவர் எங்களோடு இருக்கிறார். பயற்றங்காயை போரா என்பார். அவருடைய பூட்டனார் மதராஸ் துறைமுகத்தில் இருந்து கப்பலேறியவர். பெயரில் இன்னும் "சாமி" இருக்கிறது. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. என் கொட்டிலில் முருகன் படத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் நின்றார்.

பொதுத் தோட்டத்தைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அறிக்கையில் அதற்கு ஒரு வரிதான். அந்த மூன்று துண்டையும் எண்பதுகளில் கரீபியக் குடும்பங்கள் சேர்ந்து எடுத்தன. தனித்தனி வேலி இல்லை. யார் வேண்டுமானாலும் நடலாம், வேலைக்கு வருகிறவர் அறுவடையில் பங்கு எடுக்கலாம். ஹெய்ட்டியில் இதைக் கோன்பிட் என்கிறார்கள், டிரினிடாட்டில் கயாப். ஒருவர் காணியில் எல்லோரும் சேர்ந்து கொத்திவிட்டு, அடுத்த நாள் அடுத்தவர் காணிக்குப் போவது. நம் ஊரில் வெங்காயம் நடும் காலத்தில் மாறி மாறி உதவிக்குப் போவோமே, அதுதான். கொட்டில் கட்டின காசு பார்ட்னர் பிடித்துச் சேர்த்தது. பார்ட்னர் என்றால் நம்முடைய சீட்டு. அந்தக் காலத்தில் வங்கிகள் கடன் கொடுக்காதபோது அவர்கள் வீடு வாங்கியதே அதை வைத்துத்தான். சனிக்கிழமை மதியம் அங்கே பெரிய பானையில் பூசணி, யாம், மாவுருண்டை போட்டு சூப் கொதிக்கும். ரஸ்தாஃபாரி நம்பிக்கை உள்ள பெரியவர் ஒருவர் பக்கத்தில் சின்னச் சட்டியில் தனக்கு இட்டால் சமையல் செய்வார்: இறைச்சி இல்லை, உப்பு இல்லை, நிலத்தில் இருந்து வந்தது மட்டும். என் மகன் பதினாறு வயதில் வீட்டில் யாரோடும் பேசாமல் அறைக்குள் கிடந்த வருடம், அவனை அங்கே கூப்பிட்டு மரச்சட்டம் அறுக்கவிட்டவர் அவர்தான். புத்திமதி எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. வாளைக் கொடுத்தார், அளவு சொன்னார், சாப்பிட வைத்தார். அந்த உதவிக்கு இந்தக் கவுன்சிலில் எந்தப் பிரிவும் இல்லை, எந்த நிதியும் இல்லை.

இந்த நாட்டில் யாருக்கு மண் இருக்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2020இல் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் வெளியிட்டது. இங்கிலாந்தில் கறுப்பின மக்களில் 37 வீதமானவர்களுக்கு வீட்டோடு எந்த வெளியிடமும் இல்லை. வெள்ளையர்களில் அது 10 வீதம். லண்டனில் ஐந்தில் ஒரு வீட்டுக்குத் தோட்டம் கிடையாது. இது கொவிட் அடைப்புக் காலத்தில் வந்த கணக்கு. அந்த வசந்தத்தில் எங்கள் பின்பக்கம் எத்தனை பேரைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது என்பதை நான் பார்த்தேன். ஆனால் உங்கள் அறிக்கையில், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி பாதிப்பைக் கவனத்தில் எடுத்ததைக் காட்டவேண்டிய பகுதியில், "எந்தப் பிரிவினருக்கும் குறிப்பான பாதிப்பு இல்லை" என்று இருக்கிறது. அந்த 26 துண்டுகளில் 20க்கு மேல் ஆபிரிக்க, கரீபியக் குடும்பங்களுடையவை. இதை எழுதியவர் வாடகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தாரா?

வேறு இடங்களில் இதே அறிவை மதிக்கிறார்கள். வூட் கிரீனில் உல்ஃப்ஸ் லேன் கண்ணாடி வீடுகளில் பிளாக் ரூட்ஸ் அமைப்பு கறுப்பினப் பெரியவர்களையும் இளையவர்களையும் சேர்த்துப் பயிர் செய்கிறது. லம்பெத்தில் உள்ள தோட்ட அருங்காட்சியகம் 2021இல் தென் லண்டனின் கரீபியத் தோட்ட மரபுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. கார்டன் ஓர்கானிக் தொண்டு நிறுவனம் மிட்லண்ட்ஸ் பகுதி அலொட்மெண்டுகளில் குடியேறியவர்கள் வளர்க்கும் பயிர்களைத் தேடிப்போய், விதையும் செய்முறையும் கேட்டுப் பதிந்தது. 2022 செல்சி மலர்க் கண்காட்சியில், 1970களின் மாங்குரோவ் ஒன்பதின்மர் வழக்கை (பொலிஸ் கெடுபிடியை எதிர்த்து ஊர்வலம் போன கறுப்பினத்தவர் ஒன்பது பேர் மீதான வழக்கை) நினைவுகூரும் தோட்டம் ஒன்றை வைத்தார்கள். அன்ரி அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அடுத்த நாள் தொப்பி போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். அதே கீரை எங்கள் பகுதியில் மட்டும் ஏன் களை ஆகவேண்டும்?

வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் அக்கா மகள் இரண்டு பிள்ளைகளோடு ஒற்றை அறையில் இருக்கிறாள். வீட்டின் அருமை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே வீதியில், வாகனங்கள் நிறுத்திய பழைய கவுன்சில் டெப்போ ஐந்து வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதில் ஒரு புல்லும் இல்லை, ஒரு கிழவியும் இல்லை. அறிக்கை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 1990இல் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இருந்து கட்டின துணியோடு வெளியேறிய குடும்பம் எங்களுடையது. எங்கள் தோட்டக் காணியைச் சுற்றி இராணுவம் முள்ளுக்கம்பி அடித்தது. அப்பா அதை மறுபடி பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். காணி விடுவிப்பு பற்றி இங்கே நடக்கும் கூட்டங்களில் நீங்கள் மேடையில் நின்று பேசியதைக் கேட்டிருக்கிறேன், கைதட்டியும் இருக்கிறேன். இரண்டும் ஒன்று என்று சொல்லவரவில்லை. அங்கே துப்பாக்கி இருந்தது, இங்கே இருப்பது ஒரு காகிதம். ஆனால் மண்ணைக் கொத்தினவரைக் கேட்காமல், தூரத்தில் இருந்து ஒருவர் அதற்குப் பெயர் வைத்து எடுத்துக்கொள்வது என்ன என்று நமக்குத் தெரியும். அது நம் தலையில் விழும்போது மட்டும் தெரிந்தால் போதாது. நாங்கள் உங்களுக்கு வாக்குப் போட்டது எங்கள் கோவில் திருவிழாவுக்கு வீதி மூடித் தருவதற்காக மட்டுமல்ல.

முன்பக்கத் துண்டுக்காரர்கள் சிலர், அதிலும் நம் ஆட்கள் சிலர், "எங்கள் பக்கத்தைத் தொடவில்லையே, பேசாமல் இருப்போம்" என்று என்னிடம் சொன்னார்கள். என்னுடைய 14ஆம் துண்டும் விற்கிற பகுதியில் இல்லை. எல்லைக்கோடு என் வேலியோடு நிற்கிறது. ஆனால் அந்த வேலிக்கு அப்பால் இருந்துதான் எனக்கு முதல் விதை வந்தது.

இப்போது கேட்கவேண்டியதைக் கேட்கிறேன்.

இறுதி முடிவு நிர்வாகக் குழுவில் அடுத்த மாதம்தான். அதற்கு முன் நீங்கள் மூவரும் உங்கள் ஆதரவை எழுத்தில் விலக்கிக்கொள்ளுங்கள். அறிக்கையின் 17 என்ற கணக்கு தவறு என்று குழுவில் எழுந்து சொல்லுங்கள். மறுபடி ஒரு பரிசோதனை ஓகஸ்டில் நடக்கவேண்டும், பயிர் நிற்கிற மாதத்தில், துண்டுக்காரர்களையும் கூட வைத்துக்கொண்டு. பரிசோதிக்க வருகிறவர் கையில் கலலூ, சேம்பு, எவெடு, சோளம், சோச்சோ எல்லாம் பயிர் என்று எழுதிய பட்டியல் இருக்கவேண்டும். அந்தப் பட்டியலைப் படத்தோடு தயாரித்துத் தர நாங்கள் தயார், கவுன்சிலுக்கு ஒரு பென்னியும் செலவில்லை.

பயிர் நிற்கிற ஒன்பது துண்டுக்காரர்களுக்கும் அனுப்பிய களைக் கடிதங்களைத் திரும்பப் பெறவேண்டும். அன்ரிக்கு மன்னிப்புக் கடிதம் போகவேண்டும். அதில் அவருடைய பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கவேண்டும், போன கடிதத்தில் அது தவறாக இருந்தது.

இந்த இடம் சட்டப்படி அலொட்மெண்டுக்காகவே வாங்கப்பட்ட நிலமா என்பதற்கான பத்திரத்தை வெளியிடுங்கள். அப்படியானால், 1925ஆம் ஆண்டு அலொட்மெண்ட் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி மத்திய அமைச்சரின் அனுமதி இல்லாமல் விற்கமுடியாது. இதைக் குழுவில் யாரும் சொல்லவில்லை. சமத்துவப் பாதிப்பு மதிப்பீட்டைப் பதிவேட்டைப் பார்த்து மறுபடி எழுதச் சொல்லுங்கள். டெப்போ நிலத்தையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை கேளுங்கள்.

காத்திருப்போர் பட்டியலைத் திறந்து, காலியாக உள்ள நான்கு துண்டுகளையும் இந்த இலையுதிர் காலத்துக்குள் கொடுத்துவிடுங்கள், ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு முதலிடம் கொடுத்து. பொதுத் தோட்டத்தின் மூன்று துண்டுக்கும் அதை நடத்துகிறவர்களின் பெயரில் நீண்டகாலக் குத்தகை எழுதிக் கொடுங்கள். இனி எந்த அதிகாரியும் அதைப் பராமரிப்பாளர் இல்லாத நிலம் என்று எழுத முடியாதபடி.

தண்ணீர்க் குழாயை இந்த வாரமே திருத்துங்கள். மற்ற எதற்கும் கூட்டம் தேவைப்படலாம், இதற்கு ஒரு குழாய்க்காரர் போதும்.

கடைசியாக, வாருங்கள். வருகிற சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பின்வாசலைத் திறந்து வைத்திருப்போம். படத்தில் பார்த்த அதே துண்டில் நில்லுங்கள். அன்ரி இருப்பார். அவரிடம் நீங்களே கேளுங்கள், இது என்ன செடி என்று.

இப்படிக்கு,
14ஆம் துண்டுக்காரி